வெர்ன் டகெட்டின் மூச்சு

பதினாலாவது டேக்கும் போச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்வர்ணா என் பக்கம் பார்க்கவில்லை. டப்பிங் தியேட்டரில் நல்ல டேக்குக்கு உடனே "ஓகே சார்" என்று வரும், கெட்ட டேக்குக்கு அதைவிட சீக்கிரமாக "இன்னொண்ணு போலாமா சார்" என்று வரும். இப்போது இரண்டும் வராமல், இந்த வேலைக்குப் பொறுப்பான ஸ்வர்ணா, சவுண்ட் இன்ஜினியர் கிளமெண்ட் பக்கம் குனிந்து ஏதோ பேசுகிறாள், எனக்குக் கேட்கக் கூடாதென்று பேசும் பொத்தானை விட்டுவிட்டுப் பேசுகிறாள். பேசட்டும். வாயசைவைப் பார்த்து வார்த்தை கண்டுபிடிப்பதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு என்பதை அந்தப் பெண் மறந்துவிட்டாள். "சகாயராஜை உள்ள கூப்பிடலாமா" என்கிறாள். கிளமெண்ட் தலையைச் சொறிகிறான், நல்லவன். சுவரில் மணி ஐந்து பத்து. தொடரின் புது சீசனுக்கு நாங்கள் முதலில் பேசுகிற காட்சி இது, ஆறு மணிக்குள் அமெரிக்காவுக்குப் போயாக வேண்டும். இந்த இரண்டு நிமிஷம் பத்து வினாடிப் பேச்சை நான் பேசி முடிக்காவிட்டால், வெளியே சோபாவில் உட்கார்ந்திருக்கிற சகாயராஜ் பேசுவான். ஒரு காட்சி அவன் பேசினால் மொத்த சீசனையும் அவன்தான் பேச வேண்டும், நடுவில் குரல் மாறக் கூடாது. ஒரு சீசன் பேசியவனிடமிருந்து பிறகு யார் பிடுங்க முடியும். இருபத்திரண்டு வருஷமாக என்னுடையவனாக இருந்த வெர்ன் டகெட் ஆறு மணிக்கு மேல் சகாயராஜுடையவன். நான் அப்படி விடுவேனா, விடமாட்டேன், ஆனால் தொண்டை விட்டுவிடும் போலிருக்கிறது. தண்ணீர் குடித்தேன். குடித்த தண்ணீர் வயிற்றில் இறங்கி உருளும் சத்தத்தை மைக் பிடித்துவிடும் என்று பயந்து ஒரு வாழைப்பழத்தையும் தின்றேன். இது மூன்றாவது பழம்.

வெர்ன் டகெட் யார் என்று கேட்டால் அமெரிக்காவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால் அட இந்த ஆளா, எல்லாப் படத்திலும் வருவானே என்பார்கள், பெயர் மட்டும் வராது. கதாநாயகனுக்கு நண்பன், கதாநாயகிக்கு மாமனார், வில்லனுக்கு வலதுகை, யாராவது ஒருத்தர் சாக வேண்டுமென்றால் முதலில் சாகிறவன். நான் அவனை முதலில் பேசியது ஒரு வங்கிக் கொள்ளைப் படத்தில். கொள்ளைக்காரர்கள் ஐந்து பேரில் மூன்றாவது ஆள், மொத்தமே ஒரு வசனம், "வண்டிய எடு." அதைப் பேச வேண்டியவர் டீ குடிக்கப் போயிருந்தார், கும்பல் சத்தம் கொடுக்க வந்திருந்த என்னைப் பிடித்து நிறுத்தினார்கள், வண்டிய எடு என்றேன், எடுத்தார்கள். அதற்குப் பிறகு லாரி டிரைவர், பாதிரியார், முழுகிப்போன நீர்மூழ்கிக் கப்பலில் சமையல்காரன், அதிபருக்கு வந்த குண்டைத் தன் நெஞ்சில் வாங்கிய காவலாளி. என் குரலில் ஒன்பது தடவை செத்திருக்கிறான். அப்புறம்தான் இந்தத் தொடர், ஏழு வருஷமாக ஓடுகிறது, அதில் அவன் ஹார்வி என்ற கிழட்டுத் துப்பறிவாளன். இளம் துப்பறிவாளனுக்கு அரையடி பின்னால் காபிக் கோப்பையோடு நிற்பான், பாதி நேரம் கேமரா அவன் தோளை வெட்டிவிடும், எட்டு வார்த்தை பேசுவான், அந்த எட்டு வார்த்தையில்தான் கொலைகாரன் யாரென்று இளையவனுக்கு உறைக்கும். மூன்றாவது சீசனில் அவன் பல் கட்டிக்கொண்டான், எனக்குத்தான் முதலில் தெரியும், ஒவ்வொரு ஸ எழுத்தும் லேசாக விசிலடித்தது. நானும் நாக்கைப் பல்லுக்குக் கீழே மடக்கிப் பேசினேன். வீட்டில் சந்திரகலா, என் மனைவி, "ஏங்க, ஏன் சோறுன்னு சொல்றப்ப காத்து வருது" என்றாள். வடபழனி டீக்கடையில் போன மாசம் சக்கரை கம்மியா என்று சொன்னேன், பக்கத்தில் நின்றவர் சட்டென்று திரும்பி மேலும் கீழும் பார்த்தார், எங்கேயோ தெரிந்தவன் மாதிரி இருக்கிறதே என்ற பார்வை, பிறகு குழம்பிப்போய்த் தன் டீயைக் குடித்தார். வெர்னின் முகமாவது நாலு பேருக்குத் தெரியும். எனக்கு அதுவும் கிடையாது.

"பூவராகன் சார்," ஸ்வர்ணாவின் குரல் காதுக்குள் வந்தது, "நல்லாத்தான் இருக்கு, ஆனா லேட்டா ஏறறீங்க. ஒவ்வொரு லைனும் கால் செகண்ட் லேட். வயசான ஃபீல் கொடுக்கறீங்களா?" வயசான ஃபீல். எனக்கு வயசாகிவிட்டது என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறாள். "இன்னொண்ணு போலாம்மா" என்றேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் சமையலறை, மேஜைக்கு அந்தப் பக்கம் ரூத் என்ற கிழவி, இந்தப் பக்கம் ஹார்வி. இருபது வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொல்லி அவள் புருஷனை ஜெயிலுக்கு அனுப்பியவன் இவன்தான், புருஷன் அங்கேயே செத்துப்போனான், இப்போது அதை அவளிடம் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறான். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக கேமரா அவன் தோளை வெட்டாமல் முகத்துக்கு நேரே நிற்கிறது. முதல் தடவையாக இரண்டு நிமிஷம் பத்து வினாடி கொடுத்திருக்கிறார்கள். இதை நான் கெடுப்பதா? "ரூத்... அன்னிக்குக் கோர்ட்டுல நான் சொன்னது எதுவுமே உண்மை இல்ல" என்றேன், தாமதம், எனக்கே தெரிந்தது. அவன் வாய் திறந்து முதல் எழுத்து போன பிறகுதான் நான் ஏறினேன், ஓடுகிற பஸ்ஸைத் துரத்துகிறவன் மாதிரி மீதி வாக்கியத்தைத் துரத்தினேன். முப்பது வருஷத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை. காது போய்விட்டதா? இடது காதில் கொஞ்ச நாளாக ஒரு இரைச்சல் இருக்கத்தான் செய்கிறது. இல்லை மூளையா, கேட்டு, புரிந்து, வாய்க்கு அனுப்புகிற இடத்தில் ஏதாவது தேய்ந்துவிட்டதா? சின்னச் சின்ன வேஷமெல்லாம் பேசிக்கொண்டிருந்த பழனிவேலு அண்ணன் இப்படித்தான் ஒரு நாள் தாமதமாக ஏறினார், எல்லோரும் அண்ணனுக்கு ஜலதோஷம் என்றோம், அடுத்த மாசத்திலிருந்து அவரை யாரும் கூப்பிடவில்லை. அவருக்குப் பதிலாகப் பேசியது யார்? நான்தான். அப்போது எனக்கு ஒரு உறுத்தலும் இருக்கவில்லை என்பது இப்போது உறுத்துகிறது.

எல்லோரும் உதட்டைப் பார்த்துப் பேசுகிறார்கள். உதடு மூடுகிற இடத்தில் ம வர வேண்டும், ப வர வேண்டும், வாய் அகலத் திறந்தால் ஆ, வசனம் எழுதுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். நான் மூச்சைக் கேட்டுப் பேசுகிறவன். ஹெட்ஃபோனில் மூல நடிகனின் குரல் ஓடும், பைலட் என்போம், அதில் வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு வரும், அந்த மூச்சிலேயே எப்படிப்பட்ட வாக்கியம் வரப்போகிறது என்று தெரிந்துவிடும், அவன் மூச்சு இழுக்கும்போது நானும் இழுப்பேன், அவன் திறக்கும்போது நானும் திறந்திருப்பேன். வெர்ன் டகெட்டிடம் ஒரு ரகசியம் உண்டு. அவன் நடிக்கிற ஆள் பொய் சொல்லப் போகிறான் என்றால் மூக்கால் துளியூண்டு மூச்சை இழுத்துக்கொள்வான், பையில் எதையோ ஒளித்து வைக்கிற மாதிரி. உண்மை சொல்வதானால் இருக்கிற மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, வெறும் நெஞ்சோடு ஆரம்பிப்பான், அதனால் வாக்கியத்தின் கடைசி வார்த்தை எப்போதும் கொஞ்சம் மங்கும். அமெரிக்காவில் எந்த விமர்சகனாவது இதை எழுதியிருக்கிறானா என்று பேத்தியை விட்டுத் தேடச் சொல்லியிருக்கிறேன், ஒருத்தனும் எழுதவில்லை. எழுதமாட்டார்கள், அவர்கள் கதாநாயகனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்தாயிரம் மைல் தள்ளி சாலிகிராமத்தில் ஒரு முதல் மாடி அறையில் நின்றுகொண்டு அதைக் கண்டுபிடித்தது நான், எனக்கு அதில் அவ்வளவு கர்வம். தனியாக இருக்கும்போது அவனோடு பேசியிருக்கிறேன்கூட. நீ பண்றது எனக்குத் தெரியும்டா, கவலைப்படாதே, தமிழ்ல ஒரு மூச்சும் வீணாகாது என்று.

"பதினாறு சார். கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணிக்கறீங்களா?" ரிலாக்ஸ். ஏசி குளிரில் தோள்பட்டை விறைத்துவிட்டது, மின்விசிறி போட முடியாது, சத்தம். ஐந்து இருபத்தைந்து. கதவுக்கு வெளியே சகாயராஜ் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்கிறது, கேட்கக் கூடாது, தடித்த கதவு, ஆனால் கேட்கிறது, அல்லது எனக்குள்ளேயே கேட்கிறதோ. கெட்டவன் இல்லை சகாயராஜ். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு "அண்ணே, கூப்பிட்டாங்க, வராம இருக்க முடியல, தப்பா நினைக்காதீங்க" என்றான். தப்பாக நினைக்கவில்லை என்றேன். நினைத்தேன். அவனிடம் நல்ல குரல் இருக்கிறது, கனமான குரல், ஆனால் வெர்ன் விடுகிற இடத்தில் அவன் இழுப்பான், எல்லா இடத்திலும் இழுப்பான், ஒவ்வொரு உண்மையும் பொய்யாகிவிடும், யாருக்கும் தெரியாது, அதுதான் பயங்கரம், ஒருத்தருக்கும் தெரியாது. அப்பா செத்த அன்று ஞாபகம் வருகிறது, ஏன் இப்போது வருகிறது. எருக்கஞ்சேரி சுடுகாடு, மண்டையைப் பிளக்கிற வெயில், தம்பி கதறுகிறான், எனக்கு மட்டும் அழுகை வரவில்லை, எல்லோரும் பார்க்கிறார்கள். கொள்ளிவைத்துத் திரும்பியபோது என் நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மூச்சு முழுக்க வெளியே போய்க் கடைசியில் ஒரு முனகல். தம்பி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அது வெர்னின் சத்தம். மகன் ஆற்றில் போய்விட்டான் என்று லாரி டிரைவருக்குச் சேதி வரும் காட்சியில், ஆறு டேக் எடுத்து நான் பேசிய அதே சத்தம். ஒரு மாசம் தூக்கம் இல்லை எனக்கு, பெற்ற அப்பனுக்கு இரவல் அழுகை அழுதேனே என்று. பிறகு யோசித்துப் பார்த்தால் அந்த ஆறு டேக்கிலும் நான் நினைத்துக்கொண்டது அப்பாவைத்தான், அப்போது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் கொடுத்ததைத்தான் திரும்ப வாங்கியிருக்கிறேன். எது யாருடையது என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு பிரிக்க முடியாது.

பதினேழு. இந்தத் தடவை பேசவில்லை, வாயை மூடிக்கொண்டு கேட்டேன். "சார்? சார், விட்டுட்டீங்க." நான் கையைக் காட்டி நிறுத்தினேன், மறுபடி போடச் சொன்னேன், மறுபடி. ரூத். நிசப்தம். அன்றைக்குக் கோர்ட்டில் என்று அவன் ஆரம்பிக்கிறான், அவன் குரல்தான், கரகரப்பு அதுதான், பல் விசில்கூட இருக்கிறது, ஆனால் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. வாக்கியம் எங்கிருந்தோ தொப்பென்று விழுகிறது. நான் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய கம்பியே அங்கே கிடையாது, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன். கடைசி வார்த்தை மங்கவும் இல்லை, பளிச்சென்று முழுசாக நிற்கிறது. "ஸ்வர்ணா, இது அவன் இல்ல." "எது சார்?" "பைலட். குரல் வெர்னோடது, பேசறது வெர்ன் இல்ல. மூச்சே இல்லம்மா." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், பழனிவேலு அண்ணனை நாங்கள் பார்த்தது. "சார், ப்ளீஸ், அஞ்சு முப்பத்தஞ்சு ஆயிடுச்சு" என்றாள், அழாத குறையாக. கத்திவிட்டேன். "அவங்க அனுப்பின பேப்பரை முழுசாப் படிச்சியா நீ?" எட்டுப் பக்கம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் வந்திருந்தது, அனுப்பும் முறை, கோப்பின் அளவு, அவள் முதல் இரண்டு பக்கம்தான் பார்த்திருப்பாள், யாராக இருந்தாலும் அவ்வளவுதான். கோபத்தோடு புரட்டினாள். புரட்டிக்கொண்டே போனாள். ஏழாம் பக்கத்தில் நின்றாள். பொத்தானை அழுத்தினாள், முதலில் அவள் மூச்சுதான் என் காதில் கேட்டது. "சார்... போன வருஷம் அவருக்குத் தொண்டையில ஆபரேஷன். குரல் போயிடுச்சாம். இந்த சீசன்ல அவர் வாய மட்டும்தான் அசைச்சிருக்காரு. பழைய எபிசோட் எல்லாம் வெச்சு கம்ப்யூட்டர்ல குரல் பண்ணியிருக்காங்க, அவரு சம்மதத்தோட. எனக்குத் தெரியாது சார், சத்தியமா." கிளமெண்ட் "அய்யோ" என்றான்.

அவனுக்குக் குரல் இல்லை. இந்த வார்த்தை உள்ளே போய் எங்கேயோ உட்கார இடம் தேடியது. கடைசியில் முழு முகமும் கிடைத்த காட்சியில் அவனுக்குக் குரல் இல்லை. ஊமை வாயை அசைத்துக்கொண்டு அந்த மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறான், எதிரே ரூத்தாக நடிக்கும் அம்மாளுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது, அவள் அவன் முகத்தைப் பார்த்தே அழுதிருக்கிறாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, அழுகையாகவும் இருந்தது, எழுபது வயசில் அவனுக்கு இப்படியா என்று யார்மேலோ ஆத்திரமாகவும் இருந்தது. கூடவே கேவலமாக இன்னொரு நினைப்பு, எனக்குக் காது போகவில்லை, மூளை தேயவில்லை, எனக்கு வயசாகவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன். "ஓட்டு கிளமெண்ட். எனக்கு ஒண்ணும் கேக்க வேணாம்." கேட்காமல் பார்த்தேன். சட்டைக் காலர் லேசாக விலகுகிறது, தோள் இறங்குகிறது, மூக்கு நுனி தளர்கிறது, அதோ விடுகிறான், எல்லாவற்றையும் விடுகிறான், தொண்டையில் கத்தி வைத்தாலும் நெஞ்சு பழைய நெஞ்சுதானே, அவன் மூச்சுவிட மறக்கவில்லை, கம்ப்யூட்டரில் குரல் பண்ணியவர்கள்தான் அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். நானும் விட்டேன். வெறும் நெஞ்சோடு "ரூத்" என்றேன். இரண்டு நிமிஷம் பத்து வினாடி எப்படிப் போனதென்று தெரியாது, நடுவில் ஒரே ஒரு இடத்தில், உன் புருஷனை எனக்குப் பிடிக்கும் என்று அவன் சொல்லும் இடத்தில், தோள் இறங்காமல் மூக்கு மட்டும் சுருங்கியது, துளியூண்டு இழுத்தான், பாவி, ஒப்புக்கொள்ள வந்த இடத்தில்கூட ஒரு பொய். அதையும் இழுத்தேன். விளக்கு அணைந்தது, ஹெட்ஃபோனை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டேன். ஸ்வர்ணா இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஓகே சார்" என்று அவளால் சொல்ல முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். ஐந்து நாற்பத்து நான்கு. வெர்ன், பார்த்தாயா, உன்னை நான் விடவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. அமெரிக்காக்காரர்கள் கொடுத்த மென்பொருள், பைலட்டையும் நம் குரலையும் மேலும் கீழுமாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும், அங்கே சத்தம் இல்லாத இடத்தில் இங்கே சத்தம் இருந்தால் சிவப்புக் கோடு போடும். கிளமெண்டின் திரை என் பக்கத்திலிருந்தும் தெரியும். ஒன்று விழுந்தது, இன்னொன்று, அப்புறம் சரசரவென்று. "பதினொண்ணு சார்," என்றான் மெதுவாக, "எல்லாம் மூச்சு." ஸ்வர்ணா கண்ணாடியருகே வந்து நின்றாள். "சார், இப்படியே அனுப்பினா ரிஜெக்ட் ஆயிடும். பைலட்டுக்குப் பொருந்தலேன்னு திரும்பி வந்தா அவங்க வேற வாய்ஸ் கேப்பாங்க, அப்புறம் என் கையில எதுவும் இல்ல. மூச்சை மட்டும் எடுத்துட்டா போயிடும். வசனத்துல கையே வைக்க மாட்டான் கிளமெண்ட். நீங்க சொல்லுங்க சார்." நான் சொல்ல வேண்டும். ஒரு மூச்சையும் எடுக்காதே என்று சொல்ல வேண்டும், இந்த உலகத்தில் அவனுடைய மூச்சு இந்தப் பதினோரு இடத்தில்தான் மிச்சம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், வேண்டுமானால் சகாயராஜைக் கூப்பிட்டுக்கொள் என்று கதவைத் திறந்துகொண்டு தலைநிமிர்ந்து வெளியே போக வேண்டும். போய்? நாளைக் காலையில் பத்து மணிக்கு எங்கே போவேன்? வேறு ஒருத்தன் வாயில் வெர்ன் பேசுவதை வீட்டு டிவியில் உட்கார்ந்து பார்ப்பேனா? அதை என்னால் தாங்க முடியாது, இதுதான் நிஜம், அசிங்கமாக இருந்தாலும் இதுதான். ஐந்து ஐம்பத்தொன்று. "எடுத்துடு" என்றேன். கிளமெண்ட் என்னைப் பார்க்காமல் வேலையை ஆரம்பித்தான். கைதேர்ந்தவன், ஒவ்வொன்றாகக் குறித்து அழித்தான், ஒவ்வொரு சிவப்பும் பச்சையானது, பொய்க்கு இழுத்ததும் போயிற்று, உண்மைக்கு விட்டதும் போயிற்று. முழுசையும் ஒரு தடவை ஓட்டிக் காட்டினான். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். என் குரல்தான். வாக்கியங்கள் பளிச்சென்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன, உதடு இம்மி பிசகாமல் பொருந்தியது. முடிந்ததும் கிளமெண்ட் நிமிர்ந்து, என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டுமென்று மனசாரச் சொன்னான், "சார், இப்ப அப்படியே அவரேதான் சார்." இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை, என்றைக்காவது ஒருத்தர் சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் இத்தனை நாளும் இந்த மைக்கின் முன்னால் நின்றேன். அடக்க முடியாமல் அழுதேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள், ஸ்வர்ணா கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.